கல்லாறில் ஏறினால் கலிபியே புரியும்: நீலகிரியில் ரோடு சைக்கிள் ஓட்டவும் டூர் டி பிரான்ஸ் பார்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

தொட்டபெட்டா 2,637 மீட்டர். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸில் அடிக்கடி வரும் கலிபியே கணவாய் 2,642 மீட்டர். ஐந்தே மீட்டர் வித்தியாசம். ஒரு மாடி வீட்டு உயரம்கூட இல்லை. இது உறைக்காமலேயே சில வருடங்கள் ஜூலை மாத ராத்திரிகளில் குன்னூர் வீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, பிரெஞ்சு மலைகளைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பஸ் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்கும். அந்த ரோட்டுக்கும் இந்த ரேஸுக்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவே இல்லை.

ரேஸ் பார்ப்பவர்கள் பலர் சைக்கிளைத் தொடுவதில்லை. ஓட்டுபவர்கள் பலர் ரேஸ் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே பழகுங்கள் என்பேன், ஆனால் ஓட்டுவதில் தொடங்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஒரே ஒரு முறை சொந்தக் காலில் ஏறியவருக்கு, டிவியில் வரும் வீரன் எப்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பொய் சொல்கிறான் என்பது பிடிபட்டுவிடும். அதனால் இதில் பெரும்பகுதி ஓட்டுவதைப் பற்றித்தான். பார்ப்பது கடைசியில் வரும்.

முதலில் கியர், அப்புறம் மற்றதெல்லாம்

கடைக்குப் போனால் பிரேம், நிறம், பிராண்டு என்றுதான் பேச்சு போகும். மலையில் ஓட்டப்போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின் கேசட்டின், அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின், பெரிய சக்கரத்தில் எத்தனை பல்?

முன்னால் 34, பின்னால் 34 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. ரோடு சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். பின்னால் 28 பல்தான் இருக்கிறது என்றால், அதே 60 சுற்றுக்கு மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். சமதளத்தில் இது ஒரு விஷயமே இல்லை. பத்து சதவீத ஏற்றத்தில், அதாவது நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் உயரும் இடத்தில், மணிக்கு 750 மீட்டர் உயரம் ஏறுவதா, 900 மீட்டருக்கு மேல் ஏறுவதா என்ற வித்தியாசம் அது. முதலாவது, வாரத்துக்கு மூன்று நாலு நாள் ஓட்டும் சாதாரண ஆளால் முடிகிற காரியம். இரண்டாவதற்கு நல்ல பழக்கம் வேண்டும். அது இல்லாதவர் பெடலை நாற்பது சுற்றில் திருகிக்கொண்டே போய், முட்டி வலியோடு திரும்புவார். கல்லட்டி ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்கள் பலருக்குக் காலில் குறை இல்லை, கேசட்டில்தான் குறை.

ரேஸ் வீரர்களே இப்போது மலை ஸ்டேஜ்களுக்கு (ரேஸில் ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) பின்னால் 34 பல் கேசட் போடுகிறார்கள். நமக்கு என்ன வெட்கம்? கேசட்டை மட்டும் மாற்றினால் போதுமா, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டிரெய்லியரையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதை மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். ஹைபிரிட் சைக்கிள் வைத்திருப்பவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அதில் பெரும்பாலும் சின்ன கியர் ஏற்கெனவே இருக்கும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வதேச சைக்கிள் சங்கம் ரேஸ் சைக்கிளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. உங்களுடையது பத்து கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், அந்த மூன்று கிலோவைக் குறைத்தால் இரண்டு மணி நேர ஏற்றத்தில் மிஞ்சுவது நாலைந்து நிமிடம். அதற்காக லட்சக்கணக்கில் கொட்டுவது அவரவர் இஷ்டம்.

டயர் 28 மில்லிமீட்டர் போடுங்கள். காற்றைக் கல்லு மாதிரி அடிக்க வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு 70 முதல் 80 பிஎஸ்ஐ போதும். பனியில் நனைந்த மலை ரோட்டில் டயர் கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். பையில் இரண்டு டியூப், டயர் லீவர், கைப் பம்பு, ஆலன் கீ செட், செயின் இணைக்கும் குவிக் லிங்க் ஒன்று. மலையடிவாரத்துக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ரோடு சைக்கிள் டியூப் விற்கும் கடை எதையும் நான் பார்த்ததில்லை.

உதவிக்கு ஆள் இல்லாத மலை ரோடு என்றாலே 1913 டூர் டி பிரான்ஸில் யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்கு நடந்ததுதான் நினைவுக்கு வரும். டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. அந்தக் காலத்து விதிப்படி வெளி ஆள் உதவி செய்யக்கூடாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரக் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்பதற்காக அவருக்கு நேர அபராதம் வேறு போட்டார்கள்! இரண்டாவது டியூப் எதற்கு என்று தோன்றும்போது அந்தத் துருத்திப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு முன் எட்டு வாரம்

சமவெளிக்காரர்கள் செய்யும் தவறு, கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை வேகமாக ஓட்டிப் பழகிவிட்டு, அது போதும் என்று நினைப்பது. சமதளத்தில் கால் ஓயும்போது சைக்கிள் உருண்டுகொண்டே இருக்கும். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் நாலே விநாடியில் சைக்கிள் நின்றுவிடும். இடைவெளி இல்லாமல் ஒரே அளவாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் மிதிப்பதுதான் பழக வேண்டிய வித்தை. வாரத்தில் இரண்டு நாள் நாற்பது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை ஒன்றரை மணியில் தொடங்கி, வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டினால் எட்டாவது வாரம் மூன்று மணியைத் தாண்டிவிடலாம்.

வேகத்தை அளக்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? சரி, அந்த வேகத்திலேயே இருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம்.

மலையில் இருப்பவர்களுக்குக் குன்னூர் – ஊட்டி ரோடு கைக்கு எட்டிய மைதானம். வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி, கேத்தி வழியாகப் பதினெட்டுச் சொச்சம் கிலோமீட்டர். நடுவில் நடுவில் ரோடு சமதளமாகி மூச்சு விடச் சொல்லும்.

எந்த ரோடு, எந்த மாதம்

முதல் முறைக்கு மேட்டுப்பாளையம் – குன்னூர் ரோடு. கல்லாறு தாண்டியதும் தொடங்கும் ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சராசரி ஐந்து சதவீதம்தான். பயப்பட ஒன்றுமில்லை, நீளம்தான் ஆளைத் தின்னும்.

கோத்தகிரி ரோடு மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர். வளைவுகள் குறைவு, லாரி கொஞ்சம் குறைவு, நிழல் அதிகம். எனக்குத் தனிப்பட்ட முறையில் இதுதான் பிடிக்கும். ஆனால் குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானை வரும். அது பற்றிக் கீழே.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாகத் தலைகுந்தா ஏறும் ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பல இடங்களில் பத்து சதவீதத்தைத் தாண்டும் சரிவு. 2008-ல் தொடங்கி டிசம்பர் மாதங்களில் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ சைக்கிள் பயணத்தில் பேர் போன ஏற்றம் இதுதான். முதல் வருடம் இதைத் தொடாதீர்கள். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கும் ரோட்டில் 43 வளைவுகள்; அழகு கொள்ளை, யானையும் கொள்ளை. தனியாகப் போகிற ரோடு இல்லை அது.

மாதம் என்று கேட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை, அப்புறம் செப்டம்பர். ஏப்ரல், மே சீசனில் மலை முழுக்கக் கார். அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். அந்த நாட்களில் சைக்கிளை வீட்டில் வைப்பது நல்லது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில்தான் அடிக்கும். மண் சரியும், மரம் விழும். ஜனவரியில் ஊட்டியில் விடிகாலை உறைபனி இருக்கும். ஆனால் அடிவாரத்தில் ஆறு மணிக்குக் கிளம்புபவர் அங்கே போய்ச் சேரும்போது வெயில் வந்திருக்கும்.

கல்லாறு முதல் குன்னூர் வரை

மேட்டுப்பாளையத்தில் விடிந்ததும் கிளம்புங்கள். முதல் ஏழெட்டு கிலோமீட்டர் சமதளம். இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, குளிர்ந்த காற்று, கால் புதிது. இங்கேதான் எல்லோரும் கெடுகிறார்கள். ‘இவ்வளவுதானா’ என்று மணிக்கு முப்பதில் பறந்து, கல்லாறு பாலத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். இந்த ஏழெட்டைக் கல்யாண வீட்டுக்கு நடந்துபோவது மாதிரி போங்கள்.

ஏற்றம் தொடங்கியதும் சின்ன கியருக்கு மாறுங்கள், தேவைப்படுவதற்கு முன்னாலேயே. மிதி கனத்த பிறகு மாற்றினால் செயின் கடகடவென்று கத்தும், சில நேரம் கழன்றே விடும். முதல் அரை மணி நேரம் ‘ரொம்ப மெதுவாகப் போகிறோமோ’ என்ற கூச்சம் வரவேண்டும். அது வராவிட்டால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள்.

வளைவுகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் இடது பக்கம் போகிறவர்கள். ரோடு இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நாம் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அங்கே சரிவு திடீரென்று இரண்டு மடங்கு ஏறும். பின்னால் வண்டி இல்லை, மேலிருந்தும் வண்டி வரவில்லை என்று தெரிந்தால், ஒரு மீட்டர் வெளியே தள்ளிப் போங்கள். கால் நன்றி சொல்லும். வலது பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டம். அது ஏறக்குறைய சமதளம். அங்கே மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். பஸ் வருகிறதென்றால் சூட்சுமம் எல்லாம் வேண்டாம். வளைவில் பஸ்ஸின் பின்பாகம் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். பஸ்ஸுக்கும் உள்பக்கத் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒருபோதும் இருக்காதீர்கள். வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்று அதை அனுப்பிவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலை ரோட்டு விதி. சைக்கிளுக்கும் அது பொருந்தும் என்பது இறங்குகிற எல்லோருக்கும் தெரியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயிலின் கூவலை வழியில் எங்காவது கேட்பீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அதன் தண்டவாளம் பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி உயர்கிறது, அதாவது எட்டு சதவீதம். அதனால்தான் நடுவில் பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ரயில் வந்தது. டூர் டி பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் டுவெஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், 21 வளைவுகள், சராசரி 8.1 சதவீதம். ரயிலுக்குப் பல்சக்கரம் கேட்கிற அதே சரிவு! இன்னொரு கணக்கும் உண்டு: ரயில் 46 கிலோமீட்டரைக் கடந்து ஊட்டி சேர மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் ஆகிவிடும். சுமாராகப் பழகிய சைக்கிள்காரர் ரோட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட கிலோமீட்டரை ஏறத்தாழ அதே நேரத்தில் முடித்துவிடலாம்.

பர்லியாரில் நிற்காமல் போகிறவரை நான் நம்பமாட்டேன். மங்குஸ்தான் சீசன் என்றால் கடை வாசலில் கூடை கூடையாக இருக்கும். இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, டீ குடித்து, பத்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகும். மரப்பாலம் தாண்டி, காட்டேரி பூங்கா வரும்போது வெக்கை போய்க் குளிர் தட்டும். அங்கிருந்து குன்னூர் பக்கம்தான், ஆனால் அந்தக் கடைசிக் கிலோமீட்டர்கள்தான் இழுக்கும். கல்லாறிலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் மணிக்கு 650 மீட்டர். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், டிவி முன்னால் தேவைப்படும்.

ஊட்டி வரை போகிறவர்களுக்கு ஒன்று. 2,240 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். லவ்டேல் பக்கம் வரும்போது அதே மிதிக்கு மூச்சு கூடுதலாக வாங்கினால் உடம்பு சரியில்லை என்று பயப்படாதீர்கள். ஒரு கியர் குறையுங்கள்.

சாப்பாடு

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம்வாக்கில் இருக்கும். மணிக்கு ஒரு பழம், கூட இரண்டு கடலை மிட்டாய், பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைத் தண்ணீர், கணக்கு முடிந்தது. பசிக்கும் முன்னால் சாப்பிடுங்கள். ஏற்றத்தில் வர்க்கி தின்னாதீர்கள். தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டும். அது மேலே போய் டீயில் தோய்ப்பதற்கு.

நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சைக்கிள் பாட்டில் இரண்டு மாட்டிக்கொண்டால் பிரச்சினை இல்லை. வழியில் வைத்திருக்கும் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

இறக்கம்: ஏற்றத்தைவிட இதைக் கவனியுங்கள்

எண்பது கிலோ எடை 1,300 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க உங்கள் பிரேக்கில்தான் இறங்கும்.

இதை நான் கணக்கில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சக்கர விளிம்பைக் கவ்வி நிறுத்தும் ரிம் பிரேக் சைக்கிளில் முதல் முறை குன்னூரிலிருந்து இறங்கியபோது, பயத்தில் பின் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். காட்டேரி தாண்டி ஒரு வளைவில் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று பள்ளத்துப் பக்கம் குதித்து மறைந்தது. பின் டியூப் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. என்ன ஆயிற்று என்று ரிம்மைத் தொட்டேன். ஆள்காட்டி விரல் நுனியில் உடனே கொப்புளம். நல்லவேளையாகப் பின் சக்கரம். முன் சக்கரமாக இருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். டியூப் மாற்றி, தள்ளிக்கொண்டு போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோது கடைக்கார அக்கா விரலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, லாரிக்காரங்களே நின்னு சக்கரத்துக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறாங்க. நீங்க எங்கயும் நிக்காமலா வந்தீங்க?”

அக்கா சொன்னதுதான் முறை. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நில்லுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்; டிஸ்க் பிரேக் என்றால் சூடான டிஸ்க் வளைந்துகொள்ளும். சும்மா நின்றாலே ஆறிவிடும். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கை ஹேண்டிலின் கீழ் வளைவில், வளைவின் வெளிப்பக்கக் கால் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்கே போகும், இது மந்திரம் மாதிரி நடக்கும். எதிர் வளைவில் லாரி நம் பக்கம் ஏறி வரும் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு வளைவிலும் நுழையுங்கள்.

மேலே வியர்வையில் நனைந்த உடம்போடு இறங்கினால் கை விறைத்து பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும். அந்தக் கால ரேஸ் வீரர்கள் மலையுச்சியில் ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கி ஜெர்சிக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். இன்றைக்கும் இது வேலை செய்யும். ஊட்டியில் ஒரு டீயும் ஒரு நாளிதழும் வாங்கினால் காற்றுத்தடுப்பு ஜாக்கெட் தயார். ஞாயிறு இணைப்போடு வருகிற தாள் இன்னும் கதகதப்பு.

யானை, காட்டெருமை, மூடுபனி

வனப்பகுதி ரோட்டில் ஆறு மணிக்கு முன்னும், மாலை ஐந்துக்குப் பின்னும் ஓட்ட வேண்டாம். சைக்கிள் சத்தமில்லாமல் வரும் வண்டி, அதுதான் ஆபத்து. வளைவுகளில் மணி அடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள். ரோட்டில் புதிய யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் நின்று, பின்னால் வரும் பஸ்ஸுக்கோ லாரிக்கோ காத்திருந்து அதன் கூடவே போங்கள். காட்டெருமை தேயிலைத் தோட்ட ஓரத்தில் நின்றால் படம் எடுக்க இறங்காதீர்கள். மசினகுடி, முதுமலைப் பக்கம் புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் கேட்காமல் சைக்கிளில் நுழையாதீர்கள்.

மூடுபனி என்றால் சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும். அவ்வளவுதான்.

இனி டிவி முன்னால்

வருடத்தில் மூன்று வாரம் நடக்கும் பெரிய ரேஸ்கள் மூன்று: மே மாதம் இத்தாலியில் ஜீரோ, ஜூலையில் பிரான்ஸில் டூர், ஆகஸ்ட் கடைசியில் ஸ்பெயினில் வுவெல்டா. ஒவ்வொன்றிலும் 21 ஸ்டேஜ். தினமும் ஆன நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவர் முதல்வர். டூரை 1903-ல் ஒரு செய்தித்தாள் தன் விற்பனைக்காகத் தொடங்கியது. அந்தத் தாள் மஞ்சள் நிறக் காகிதத்தில் வந்ததால் 1919 முதல் முதல்வருக்கு மஞ்சள் ஜெர்சி. இத்தாலியில் பத்திரிகை இளஞ்சிவப்புத் தாள், அதனால் அங்கே இளஞ்சிவப்பு ஜெர்சி. டூரில் ஸ்டேஜ்களில் புள்ளி சேர்ப்பவருக்குப் பச்சை, மலையுச்சிகளில் புள்ளி சேர்ப்பவருக்குச் சிவப்புப் பொட்டு போட்ட வெள்ளை, இளைஞர்களில் முதல்வருக்கு வெறும் வெள்ளை.

புதிதாகப் பார்ப்பவர் 21 நாளும் உட்கார வேண்டாம். சமதள ஸ்டேஜில் கடைசிப் பத்து நிமிடம் பார்த்தால் போதும். ஒரு சிறு குழு முன்னால் ஓடும், பெருங்கூட்டம் துரத்தும். துரத்துகிற கூட்டம் பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் பிடிக்கும் என்பது பழைய கணக்கு. இருபது கிலோமீட்டர் இருக்கும்போது முன்னால் இருப்பவர்களுக்கு ஒன்றரை நிமிடம்தான் இடைவெளி என்றால் அவர்கள் கதை முடிந்தது. வேகமாகப் போகும்போது முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தால் காற்றின் எதிர்ப்பில் பெரும்பங்கு மிச்சம். அதனால்தான் ஒரு அணியின் எட்டுப் பேரில் ஏழு பேர் தேர்வடம் பிடிக்கிறவர்கள்: காற்றை வெட்டுவார்கள், கார் வரை பின்வாங்கித் தண்ணீர் பாட்டில்களை முதுகில் செருகிக்கொண்டு வருவார்கள். ஒருவர் மட்டும் தேரில்.

மலையில் இந்தக் கணக்கு மாறுகிறது. வேகம் குறைந்தால் காற்றுக்குப் பின்னால் ஒளிவதில் லாபம் குறைவு. அவரவர் எடையை அவரவர்தான் தூக்க வேண்டும். தேர்வடம் ஒவ்வொரு இழையாக அறும். அதைப் பார்ப்பதற்குத்தான் மலை ஸ்டேஜ்.

நீங்கள் குறித்து வைத்த 650 இப்போது கைகொடுக்கும். உச்சத்தில் இருக்கும் வீரர்கள் கடைசி ஏற்றத்தில் மணிக்கு 1,700, 1,800 மீட்டர் வேகத்தில் ஏறுகிறார்கள். அதுவும் நாலு மணி நேரம் ஓட்டிய பிறகு, மூன்றாவது வாரத்தில். திரையில் அது மெதுவாகத்தான் தெரியும். நம் காலுக்குத்தான் தெரியும் அது மெதுவில்லை என்று.

ஒரு ஸ்டேஜ் மட்டும் தேடிப் பார்க்க வேண்டும் என்றால் 2022 டூரின் 11-வது ஸ்டேஜைப் பாருங்கள். மஞ்சள் ஜெர்சியில் ததேய் பொகாச்சர். கலிபியே ஏற்றத்தில் எதிரணியின் ரோக்லிச்சும் விங்கெகோவும் மாறி மாறித் தாக்குகிறார்கள். ஒருவர் பாய்வார், பொகாச்சர் துரத்திப் பிடிப்பார். உடனே இன்னொருவர் பாய்வார். எல்லாவற்றுக்கும் பதில் கொடுக்கிறார், உற்சாகமாகவே இருக்கிறார். அப்புறம் கடைசி ஏற்றம், கிரானோன் கணவாய். விங்கெகோ ஒரு முறை பாய்கிறார், பொகாச்சரால் முடியவில்லை. அந்தச் சில கிலோமீட்டர்களில் 2 நிமிடம் 51 விநாடியை விங்கெகோவிடம் இழந்தார், மஞ்சள் ஜெர்சியும் போயிற்று. பாக்குத் தோப்பில் முப்பதில் பறந்துவிட்டுக் காட்டேரியில் தள்ளாடுகிறவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் விங்கெகோ டூரை வென்றார். 2020, 2021-ல் வென்றிருந்த பொகாச்சர் 2024-லும் 2025-லும் திருப்பி எடுத்தார்.

பெண்கள் டூரையும் விடாதீர்கள். இப்போதைய வடிவில் 2022 முதல் நடக்கிறது, நாட்கள் குறைவு, இழுவை இல்லை. 2024-ல் கடைசி நாள் ஆல்ப் டுவெஸ் உச்சியில் காசியா நியேவியடோமா நாலே விநாடி வித்தியாசத்தில் டூரை வென்றார். ஒரு வாரம் ஓட்டி, நாலு விநாடி!

திரையில் எதைக் கவனிப்பது? தோளைப் பாருங்கள். சுகமாக இருப்பவரின் தோள் ஆடாது. திணறுகிறவரின் தலையும் தோளும் மிதிக்கு மிதி ஆடும். பெடல் சுற்று குறைகிறதா என்று பாருங்கள். அணித் தலைவர் பக்கத்தில் இன்னும் எத்தனை துணை வீரர்கள் மிச்சம் என்று எண்ணுங்கள். இடது கொண்டை ஊசியில் வீரர்கள் ஏன் வெளிப்பக்கம் ஒதுங்குகிறார்கள் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நேரம் நமக்கு வசதி. கோடையில் பிரான்ஸுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். பெரும்பாலான ஸ்டேஜ்கள் அங்கே மாலை ஐந்தரைவாக்கில் முடியும். இங்கே ராத்திரி ஒன்பது. ஒளிபரப்பு உரிமை கைமாறிக்கொண்டே இருப்பதால் எந்தச் சேனல், எந்த ஆப் என்பதை ஜூன் கடைசியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையில் நமக்குத் தென்மேற்குப் பருவமழை. ஊட்டி, கூடலூர் பக்கம் சாரல் விடாது. எப்படியும் சைக்கிள் உள்ளேதான் நிற்கும். ஸ்டேஜ் அட்டவணை வந்ததும் மலை நாட்களை மட்டும் காலண்டரில் சுழித்து வையுங்கள். சாப்பாட்டை எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள், கடைசி ஏற்றம் அப்போதுதான் தொடங்கும். முடிந்து, பரிசு கொடுத்து, பேட்டி எல்லாம் பார்த்துத் தூங்கப் பத்தரை ஆகிவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கல்லாறில் நிற்கிறேன் என்று அன்றைக்கு மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.